தஞ்சோரா வந்த மாதம்: முகப்பேர் நாட்குறிப்பு

டிசம்பர் 1, 2025, திங்கள்

காலையிலிருந்து மழை ஓயவில்லை. வேலை பார்க்கும் தொழில் எஸ்டேட்டிலிருந்து வரும் வழியில் வாவின் நிறுத்தத்தில் இறங்கி, முழங்காலுக்குக் கீழே முழுக்க நனைந்து வீடு சேர்ந்தேன். கதவைத் திறக்கும்போதே அக்கா மகன் போனை முகத்துக்கு நேரே நீட்டினான். "சித்தி, திறந்துட்டாங்க!"

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா. இன்று முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார், நாளையிலிருந்து பொதுமக்களுக்கு. 611 கோடி ரூபாய் முதலீடு, 64 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், 43 ரைடுகள். பையன் இந்தக் கணக்கையெல்லாம் எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டான். ஆனால் அவன் மனசு முழுக்க ஒரே ஒரு ரைடில்தான்: தஞ்சோரா. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் கம்பெனியின் இன்வெர்ட்டட் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், நாம் அதன் அடியில் தொங்குவோம், கால் அந்தரத்தில். அந்தக் கம்பெனி செய்த இந்த வகையில் இந்தியாவுக்கு இதுதான் முதல். அதே கம்பெனியின் வேறு ரகம் ஒன்று, நைட்ரோ, மும்பைக்கும் புனேவுக்கும் நடுவில் இமேஜிகாவில் ஏற்கெனவே ஓடுகிறது.

இந்தப் பூங்கா வருகிறது வருகிறது என்று பல வருஷமாகக் கேட்டிருக்கிறோம். நிலம் வாங்கியாயிற்று, ஆனால் உள்ளாட்சிக் கேளிக்கை வரி இருந்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனி நின்றுவிட்டது. பிறகு அரசு விலக்கு தந்தது, வேலை நகர்ந்தது. வரி கேட்ட அரசையும் நான் குறை சொல்ல மாட்டேன், கணக்குப் பார்த்துக் காத்திருந்த கம்பெனியையும் சொல்ல மாட்டேன். அவசரப்பட்டு, கைக்கு வந்த காசில் பாதிக் கிணறு தாண்டியிருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். மழைக்காற்றில் மாடத்து அகல் நிற்கவில்லை; அக்கா வாசலைவிட்டு உள்நடையில் வரிசையாக ஏற்றிவைத்தாள். பொரி உருண்டையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இன்று, நான் வெல்டுகளைச் சோதிக்கும் லேபுக்கு ஒரு கிரேன் பிராக்கெட் வந்தது. வெல்டிங் பார்க்க அவ்வளவு அழகு. எங்கும் ஒரு பிசிறு கிடையாது. கிளீனர் போட்டுத் துடைத்து, சிவப்பு பெனட்ரன்ட் அடித்து, ஊற விட்டு, துணியால் ஒற்றி எடுத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கு நடுவே தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல மேலே வந்தது. வெல்டின் ஓரத்தை ஒட்டி, அரை விரல் நீளம். கோடு நிற்காமல் தடித்துக்கொண்டே வந்தால் பிளவு ஆழம் என்று அர்த்தம். இது தடித்தது. கொண்டுவந்த பையன் பாவம், "மேடம், நாளைக்கு டெலிவரி, முதலாளி என்ன சொல்வாரோ" என்று நின்றான். 'ரிஜெக்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் என் கையில் இல்லை. அந்தத் தாளை முதலாளி எப்படிப் படிப்பார் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

ரைடுகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தாள்தான் நினைவுக்கு வரும். உலகம் முழுக்க ரைடு ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. எந்த கோஸ்டர் எத்தனை அடி என்பதோடு அவர்கள் பேச்சு நிற்பதில்லை. எந்தத் தலைவர் காலத்தில் பெயின்ட் உரிந்தது, எவர் வந்த பிறகு பல்பு மாற்றினார்கள் என்பதுவரை கணக்கு வைத்திருப்பார்கள். வேலையற்றவர்கள் என்று நினைப்பவர்கள் 2003ஆம் வருஷத்து டிஸ்னிலேண்டைப் படிக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் டிஸ்னியின் கடைகளை நடத்திக்கொண்டிருந்த பால் பிரஸ்லரைக் கொண்டுவந்து கலிபோர்னியா டிஸ்னிலேண்டுக்குத் தலைவராக்கினார்கள். செலவைக் குறைத்தார். பராமரிப்பு முறைகள் மாறின. ரசிகர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள்: விளக்கு எரியவில்லை, மரம் உளுத்திருக்கிறது, பழைய ஆட்களை அனுப்பிவிட்டார்கள் என்று. 2001இல் பக்கத்திலேயே கலிபோர்னியா அட்வெஞ்சர் திறந்தபோது, இது டிஸ்னி செய்கிற காரியமா என்று முகம் சுளித்தார்கள். 2002இல் பிரஸ்லர் கேப் என்ற துணிக் கம்பெனிக்குத் தலைவராகப் போய்விட்டார். மறு வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி, பிக் தண்டர் மவுன்டன் கோஸ்டரில் இன்ஜின் தடம் புரண்டு 22 வயது இளைஞர் ஒருவர் இறந்தார், பத்துப் பேருக்குக் காயம். மாநில விசாரணையில் வந்தது இதுதான்: சக்கரத் தொகுதியைக் கழற்றி மாட்டியபோது போல்ட்டுகளைச் சரியாக முடுக்கவில்லை, போல்ட் கழலாமல் கட்டும் கம்பியைப் போடவில்லை. வண்டியில் வித்தியாசமான சத்தம் கேட்டதை ஊழியர்கள் கவனித்திருந்தார்கள். இந்த ஒரு நடை முடிந்ததும் வண்டியை எடுத்துவிடலாம் என்று இருந்திருக்கிறார்கள்.

இந்த ஒரு நடை. அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஓடுகிற வண்டியை நிறுத்த ஒரு சாதாரண ஊழியருக்குத் துணிச்சல் வர வேண்டுமானால், நிறுத்தியதற்காக யாரும் திட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை மேலே இருப்பவர்தான் கொடுக்க முடியும்.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று விட்ட இடம். அந்த விபத்துக்குப் பிறகு டிஸ்னிலேண்டுக்கு மேட் விமெட் என்பவர் தலைவராக வந்தார். 2005 ஜூலையில் பூங்காவுக்கு 50 வயது. அதற்குள் பெயின்ட், தண்டவாளம், விளக்கு எல்லாவற்றையும் பார்த்தார். ஸ்பேஸ் மவுன்டனின் தடத்தையே புதிதாகப் போட்டுத் திறந்தார்கள். ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். பிறகு சீடர் ஃபேர் பூங்காக் கம்பெனிக்குத் தலைமை ஏற்றபோதும் அந்த மரியாதை கூடவே போனது. இதே காலத்தில்தான் வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னி, டிஸ்னி கம்பெனியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு எதிராகக் கிளம்பினார். 2004 மார்ச் பங்குதாரர் கூட்டத்தில் 43 சதவீதத்துக்கு மேற்பட்ட ஓட்டுகள் ஐஸ்னருக்கு விழவில்லை. மறு வருஷம் அவர் போனார்.

ஐஸ்னர் வெறும் வில்லன் அல்ல. 1984இல் ஃபிராங்க் வெல்ஸோடு சேர்ந்து வந்தபோது, சாகக் கிடந்த கம்பெனிக்கு உயிர் கொடுத்தவர்களே அவர்கள் இருவரும்தான். 1994இல் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு ஐஸ்னருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல ஆளில்லை என்பதுதான் என் எண்ணம்.

டிசம்பர் 6, சனி

பாடியில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வாழ்நாள் முழுக்க ராட்டினம் போட்டவர். திருவிழாவுக்குத் திருவிழா, லாரியில் சாமான் ஏற்றி, இறக்கி, கோத்து, பத்து நாள் சுற்றிவிட்டு, மறுபடி கழற்றி அடுத்த ஊர். ஆரம்பத்தில் மோட்டார் கிடையாது. ஆட்கள் ராட்டினத்துக்குள்ளேயே ஏறி, கம்பியை மிதித்துத் தொங்கி, தங்கள் எடையாலேயே சுற்றவைப்பார்கள். பிறகு டீசல் இன்ஜின் வந்தது, தீவுத்திடல் பொருட்காட்சி வந்தது, கொலம்பஸ், டோரா டோரா, பிரேக் டான்ஸ் எல்லாம் வந்தன.

நாளை வொண்டர்லா போகிறோம் என்றதும் முதல் கேள்வி, "பின்னெல்லாம் வெளிய தெரியிற மாதிரி இருக்கா, மூடி வெச்சிருக்கானா?" என்றார். அவர் பழக்கம் அது. காலையில் முதல் ஆள் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தொட்டிலிலும் பின்னைக் கையால் தொட்டு, திருகிப் பார்ப்பாராம். கண்ணை நம்ப மாட்டார். பின் தேய்ந்திருந்தால் விரலுக்குத் தெரியும், ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக இருக்கும்.

ஒரு லீஸ்காரரிடம் வேலை பார்த்த கதையைச் சொன்னார். "பாப்பா, லைட்டுக்குக் காசு கேட்டா உடனே குடுப்பாரு. நட்டு போல்ட்டுக்குக் கேட்டா, போன வருஷம்தானே மாத்துனேம்பாரு. லைட்டு தூரத்துல இருந்து தெரியும், ஜனம் வரும். போல்ட்டு யாருக்குத் தெரியும்?" அந்த ஆளிடமிருந்து சீசன் நடுவிலேயே கிளம்பிவிட்டாராம். கூலி பாக்கி இன்றுவரை வரவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. தொட்டில் ஒன்றுக்குப் புதுப் பின் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டு, கடைசிவரை வாங்கித் தரவில்லை என்பதைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் கோபமாகச் சொன்னார்.

டிசம்பர் 7, ஞாயிறு

உடம்பெல்லாம் வலிக்கிறது. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

விடியற்காலையில் கிளம்பினோம். நொளம்பூர், மதுரவாயல், பைபாஸில் ஏறி பெருங்களத்தூர், வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம், அங்கிருந்து ஓ.எம்.ஆரில் திருப்போரூர். முகப்பேரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் விலை 1,489 ரூபாய். ஆன்லைனில் எடுத்தால் குறைகிறது, கல்லூரி அடையாள அட்டை இருந்தால் இன்னும் குறைகிறது. நாலு பேர் குடும்பத்துக்கு, சாப்பாடு பெட்ரோல் எல்லாம் சேர்த்தால், எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும். அப்படிக் காசு சேர்த்து வருகிறவர்களுக்குத்தான் பூங்காக்காரர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

தஞ்சோரா. வரிசையில் நிற்கும்போதே தலைக்கு மேல் போகிறது. அந்தச் சத்தத்தை ரசிகர்கள் கர்ஜனை என்பார்கள். இந்தக் கம்பெனியின் தண்டவாளத்துக்கு நடுமுதுகு ஒரு சதுரப் பெட்டிக் குழாய். உள்ளே வெற்றிடம், அதனால் அதிர்ந்து முழங்கும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தொல்லை என்றால் சில ஊர்களில் குழாய்க்குள் மணலை நிரப்பிவிடுகிறார்கள்.

ஒரு வரிசையில் நாலு பேர். தோள் மேலே இறங்கும் சட்டம், அது விட்டுப்போனாலும் தாங்க ஒரு பெல்ட். ஊழியப் பெண் ஒவ்வொருவர் சட்டத்தையும் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வாயால் 'ஓகே' சொல்லிவிட்டுப் போகவில்லை, இழுத்தாள். பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். சங்கிலி இழுத்து மேலே கொண்டுபோகும்போது செருப்பில்லாத காலுக்குக் கீழே திருப்போரூர்ப் பக்கத்துக் காடும் ஏரியும் பச்சையாக விரிந்தன. பையன் பக்கத்தில் கத்த ஆரம்பித்திருந்தான். அப்புறம் விழுந்தோம்.

லூப்புக்குள் நுழைந்தபோது நான் கவனித்தது கழுத்தை. வலிக்கவில்லை. இது தற்செயலாக வந்த சுகம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் முழு வட்டமாக லூப் கட்டிப் பார்த்தார்கள். உள்ளே நுழைந்த கணத்தில் ஒரேயடியாக அழுத்தம் ஏறி, ஏறினவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில், ஆன்டன் ஸ்வார்ஸ்காஃப் கட்டிய ரெவல்யூஷன் கோஸ்டருக்கு ஜெர்மனியின் வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட்டார். வேகம் அதிகமாக இருக்கும் அடிப்பகுதியில் வளைவை அகலமாகவும், வேகம் குறையும் உச்சியில் குறுகலாகவும் வைத்தார். கண்ணீர்த்துளி வடிவம். இன்று உலகத்து லூப்புகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். வளைவைத் தண்டவாளத்துக்காகப் போடாமல், உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு எந்தப் பாதையில் போகிறது என்று பார்த்துப் போட வேண்டும் என்பதும் ஸ்டெங்கல் காட்டிய வழி. தஞ்சோராவில் புரண்டு திரும்பும்போதெல்லாம் என் நெஞ்சு ஒரே கோட்டில் போவதுபோலவும், கால் மட்டும் சுற்றுவதுபோலவும் இருந்தது. வடிவமைப்பு என்றால் எனக்கு இதுதான். எவ்வளவு உயரம் என்பது போர்டில் எழுதுவதற்கு.

வால்டர் பொலிகரும் கிளாட் மாபியாரும் ஜியோவனோலா என்ற சுவிஸ் பட்டறையில் வேலை பார்த்த இன்ஜினியர்கள். 1988இல் தனியாக வந்தார்கள். 1992இல் சிகாகோ பக்கத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்காவில் முதல் இன்வெர்ட்டட் கோஸ்டரைத் திறந்தார்கள், பேட்மேன் என்று பெயர். யோசனையைக் கிளப்பியது அந்தப் பூங்காவின் மேலாளர் ஜிம் வின்ட்ரோட். இதைப் பையனிடம் சொன்னேன்: ஆசைப்பட்டுக் கேட்டவர் மேலாளர், முடியுமா முடியாதா என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் இன்ஜினியர்கள், இரண்டு பக்கமும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதால் இது வந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வரிசைக்கு ஓடிவிட்டான்.

நான் ஓரமாக உட்கார்ந்து ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கை ரயிலில் ஏற ஒரு பாட்டி தயங்க, பேத்தி கையைப் பிடித்து ஏற்றினாள். வொண்டர்லா தன் ரைடுகளில் பலவற்றைத் தன் பட்டறையிலேயே செய்துகொள்கிற கம்பெனி. எனக்கு அதில் ஒரு மதிப்பு உண்டு. வெல்டிங் மேஜை சொந்தமாக இருக்கிற கம்பெனிக்கு, ஒரு வெல்ட் எப்படி விடும் என்பதும் தெரிந்திருக்கும். அதை நிறுவிய கொச்சௌசேப் சிட்டிலப்பள்ளி பௌதிகம் படித்தவர். 1977இல் வி-கார்டு ஸ்டெபிலைசரில் தொடங்கி, 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் திறந்தார். பிறகு பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர், இப்போது இங்கே. இன்று மகன் அருண் தலைமையில். அதே வீகாலேண்டில் 2002இல் விழுந்து உடம்பு முடங்கிப்போன ஒருவரின் வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில் வந்தபோது, நீதிமன்றம் நிறுவனத்தின் அணுகுமுறையைக் கடுமையாகக் கண்டித்தது. அடிபட்டவரை எத்தனை வருஷம் கழித்து, எப்படி நடத்தினார்கள் என்பதும் ஒரு பூங்காவின் வரலாறுதான். தஞ்சோரா எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனாலேயே அந்த வழக்கையும் மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

புதுப் பூங்காவில் எல்லாம் மின்னும். பெயின்ட் புதிது, பேரிங் புதிது. 2035இல் வந்து இதே வண்டியில் உட்கார வேண்டும், அப்போதும் கழுத்து வலிக்காமல் இருந்தால் இந்தத் தலைமை நல்ல தலைமை.

டிசம்பர் 10, புதன்

சாப்பிடும்போது அக்கா கிஷ்கிந்தா பூங்காப் பேச்சை எடுத்தாள். எங்கள் பள்ளிக்கூடக் காலத்துச் சுற்றுலா என்றால் தாம்பரம் கிஷ்கிந்தா, இல்லையென்றால் ஈ.சி.ஆரில் எம்.ஜி.எம். பிறகு பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் வந்ததும் நம் பக்கத்து ஜனங்களுக்குத் தூரம் குறைந்தது.

கிஷ்கிந்தாவைக் கட்டியவர் நவோதயா அப்பச்சன், 1984இல் இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த தயாரிப்பாளர். பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கிற பாட்டுக் காட்சிக்காக ஒரு அறையையே இரும்பில் கட்டிச் சுழலவிட்டார்கள். அது ரைடு இல்லாமல் வேறென்ன? அப்படிப்பட்ட மனுஷர் 1995இல் பூங்கா திறந்ததில் ஆச்சரியமே இல்லை. இமேஜிகாவும் அப்படித்தான், ஆட்லேப்ஸ் மன்மோகன் ஷெட்டி, சினிமாக்காரர், 2013இல் திறந்தார். சிறுபிள்ளைகள் வாயைப் பிளக்கும்படி ஒரு காட்சி வேண்டும் என்று கனவு காண இவர்களைவிட ஆள் கிடையாது. ஆனால் படம் வெளியானதும் வேலை முடிந்துவிடும்; ரைடுக்குத் திறப்பு நாளன்றுதான் வேலை ஆரம்பிக்கிறது. இமேஜிகா கடனில் மூழ்கி 2022இல் மால்பானி குழுமத்தின் கைக்குப் போனது. நைட்ரோ நல்ல ரைடு. அதைக் காப்பாற்ற நல்ல ரைடாக இருப்பது மட்டும் போதவில்லை.

கிஷ்கிந்தாவில் 2016 மே மாதம் ஒரு ரைடைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது உடைந்து விழுந்தது. ஏறியிருந்தவர்கள் பூங்கா ஊழியர்கள். ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம். அந்தச் செய்தியைப் படித்த அன்று லேபில் எங்களால் வேலையே செய்ய முடியவில்லை. சோதனை ஓட்டத்துக்கு மணல் மூட்டை இருக்கிறது. மனுஷ எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகள் இருக்கின்றன; பெரிய கோஸ்டர் எல்லாம் அவற்றை உட்காரவைத்துத்தான் முதலில் பல நடை ஓடும். பாரம் தாங்குமா என்று தெரியாத இரும்பில் சம்பளத்துக்கு வந்த பிள்ளைகளை ஏற்றுவதை எந்தப் பெரியவரும் அனுமதித்திருக்கக் கூடாது. ஒரு மூட்டை மணல் என்ன விலை?

டிசம்பர் 13, சனி

மாலை மொட்டைமாடியில் பையனோடு வாக்குவாதம். அவனுக்கு உயரம்தான் எல்லாம். நியூ ஜெர்சியின் கிங்டா கா கோஸ்டர் 456 அடி, 2005இல் வந்தது, இந்த வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவனுக்கு அது துக்கம். "பணத்துக்காக இடிச்சுட்டாங்க சித்தி. சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒண்ணானதே தப்பு." 2024 ஜூலையில் அந்த இரண்டு கம்பெனிகளும் இணைந்ததிலிருந்து ரசிகர்கள் எல்லோருக்கும் இதே புலம்பல்தான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது: கணக்குப் புத்தகம் மட்டும் பார்ப்பவர் கையில் பூங்கா போனால் முதலில் போவது, பராமரிக்கச் செலவு வைக்கும் ரைடுகள்தான். ஆனால் கிங்டா கா ரகம் ஆரம்பத்திலிருந்தே பழுதுக்குப் பேர் போனது என்பதையும் சொன்னேன். அதே ரகத்தில் ஒஹையோவின் டாப் திரில் டிராக்ஸ்டரில் 2021இல் ஒரு இரும்புத் துண்டு கழன்று வரிசையில் நின்ற பெண்ணின் தலையில் அடித்தது. வண்டியில் ஏறாதவர் அவர். உயரத்துக்காகச் செய்த ஒரு வடிவமைப்பின் விலையை யார் கொடுத்தார் பார் என்றேன். பேசாமல் இருந்தான்.

அப்புறம் அவனே கேட்டான்: "அப்போ ஆசைப்படற ஓனர்தான் நல்ல ஓனரா?" நல்ல கேள்வி. கேன்சஸ் நகரத்தில் ஷ்லிட்டர்பான் என்ற நீர்ப்பூங்காவின் ஜெஃப் ஹென்றி ஆசையே உருவானவர். உலகத்திலேயே உயரமான நீர்ச்சறுக்கு கட்ட வேண்டும் என்று 2014இல் 168 அடிக்கு ஃபெருக்ட் என்று ஒன்றைக் கட்டினார். வடிவமைத்தவர்களுக்குப் பொறியியல் தகுதி கிடையாது என்று பிறகு குற்றப்பத்திரிகை சொன்னது. 2016 ஆகஸ்டில் பத்து வயதுப் பையன் அதில் இறந்தான். வழக்கு 2019இல் தள்ளுபடியானது, சறுக்கை இடித்துவிட்டார்கள். பணம் பார்ப்பவர் போல்ட்டை விட்டார். ஆசைப்பட்டவர் கணக்கை விட்டார். இருவருக்கும் பக்கத்தில் நின்று "நிறுத்துங்கள்" என்று சொல்லும் ஆள் வேண்டியிருந்தது. அந்தச் சொல் எடுபடும்படி வைத்துக்கொள்வதைத்தான் நான் தலைமை என்கிறேன். பையனிடமும் அதையே சொன்னேன்.

மே 27ஆம் தேதி இஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவின் ஒரு ரைடில் 36 பேர் அந்தரத்தில் மாட்டிக்கொண்டதைப் பற்றியும் பேசினோம். தீயணைப்புத் துறை வந்து பத்திரமாக இறக்கியது. எல்லோரும் பழுதானதைப் பற்றியே பேசினார்கள். நான் கேட்பது, நின்றுபோனால் ஆட்களை எப்படி இறக்குவது என்ற பதில் ரைடு வரைபடத்திலேயே இருந்ததா என்பதை. இயந்திரம் நிற்கத்தான் செய்யும். சந்தேகம் வந்தால் நின்றுவிட வேண்டும் என்றே சென்சார் வைக்கிறார்கள். தஞ்சோரா ஏற்றத்தின் பக்கவாட்டில் படிக்கட்டு இருப்பதை அவனுக்கு நினைவுபடுத்தினேன். அவனுக்கு அது ஞாபகம் இல்லை. விழப்போகிற நேரத்தில் யாருக்குத்தான் படிக்கட்டு தெரியும்?

டிசம்பர் 14, ஞாயிறு

எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் ஒரு சின்னச் சட்டத்தில் உரிமம் மாட்டியிருக்கிறது. 1997இலிருந்து தமிழ்நாட்டில் லிஃப்டுக்கு என்று தனிச் சட்டம் உண்டு. நாலு மாடி ஏறுகிற பெட்டிக்கு அந்த மரியாதை. காலையில் பால் வாங்கிவிட்டு மேலே வரும்போது அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன், ரைடு வாசலிலும் இப்படி ஒன்று ஏன் தொங்கக் கூடாது என்று தோன்றியது. உயரக் குச்சியும் இருதய நோயாளிகள் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கையும் எல்லா ரைடு வாசலிலும் இருக்கின்றன. அவை நமக்குப் போடும் நிபந்தனைகள். பூங்காக்காரர் தனக்குப் போட்டுக்கொண்ட நிபந்தனையும் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

மதியம் சுற்றுலாத் துறைக்கு ஒரு மனு எழுதினேன். பெரிய பூங்கா, பொருட்காட்சி, கோயில் திருவிழா ராட்டினம் எல்லாவற்றுக்கும் பொதுவாக. ரைடு எந்த வருஷம் செய்தது, யார் செய்தது. வெல்டுகளைக் கடைசியாக எப்போது, எந்த முறையில் சோதித்தார்கள், சோதித்தவர் யார். காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தவரின் கையெழுத்து. நடுவில் நின்றால் இறக்கும் வழி. இவை தமிழில், தபால் அட்டை அளவுக்காவது ஒரு போர்டில். மாலை பெரியப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "தேய்ஞ்ச பின்னை எப்ப மாத்துனாங்கன்னும் போடச் சொல்லு" என்றார். சேர்த்தேன். ரைடை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அங்கே நிற்கும் ஊழியருக்கே உண்டு என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்பது பையன் சொன்னது. அதையும் சேர்த்தேன்.

அவன் டைப் அடித்து முடித்துவிட்டான். மூன்று பேர் கையெழுத்து, பெரியப்பாவுடையது மட்டும் பாக்கி. நாளை காலை பாடி வழியாகப் போய் வாங்கிக்கொண்டு, எஸ்டேட் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் போட வேண்டும். திங்கட்கிழமை, கூட்டம் இருக்கும். சீக்கிரம் கிளம்ப வேண்டும்.